மாமாவின் மோதிர விரல்: எண்ணெயா, ஊசியா, கத்தியா?

என் தாய்மாமா காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். வயது 63. சர்க்கரை வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. ஒரு தை மாதக் காலையில் திருநீறு பூசிக்கொண்டு கண்ணாடி பார்த்தபோது நெற்றியில் இரண்டு பட்டைதான் ஒழுங்காக விழுந்திருந்தது. மூன்றாவது பாதியில் நின்றிருந்தது. வலது கை மோதிர விரல் கொஞ்சம் உள்ளே மடங்கியிருக்கிறது, நீட்டினாலும் நீளவில்லை. விரலுக்கு நேர் கீழே உள்ளங்கையில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. அதிலிருந்து விரலை நோக்கித் தோலுக்கடியில் ஒரு கயிறு ஓடுகிறது. வலி இல்லை. வலி இல்லாததால் சீசன் முடியும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

ஆடியில் மண்டி ஓய்ந்தபோது என்னிடம் கையைக் காட்டினார். களி உருட்டும்போது இந்த விரல் குறுக்கே நிற்கிறது, முகம் கழுவினால் கண்ணில் குத்துகிறது, சட்டைப் பைக்குள் கை நுழையமாட்டேன் என்கிறது. "இதுக்கு என்னடா பண்றது மாப்ளே?" நான் அவர் மண்டியில் கணக்கு எழுதுகிறவன், டாக்டர் இல்லை. ஆனால் அடுத்த பத்து நாளில் மண்டிக்கு வந்த லாரிக்காரர், தரகர், சொந்தக்காரர் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் எதிரில் மாமா இரண்டு கேள்வி எழுதச் சொன்னார்: "இது பலிக்கலைன்னா எனக்கு என்ன நஷ்டம்? பலிச்சுதுன்னு எதை வெச்சுச் சொல்லுவே?" வியாபாரி கேட்கிற கேள்விகள்தான். ஆனால் நான் படித்த மருத்துவக் கட்டுரைகளைவிட இந்த இரண்டும்தான் கடைசியில் உதவின.

வைத்தியத்தை ஒப்பிடும் முன்னால், வந்திருப்பது என்ன என்று தெரிய வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் எந்த மூட்டு பிடித்துக்கொண்டாலும் "தண்ணிதான்" என்று சொல்வது வழக்கம். காரணமில்லாமல் இல்லை. இங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. அதைத் தாண்டிய கிணறுகளின் தண்ணீரைக் குடித்தே ஒரு தலைமுறை வளர்ந்தது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை மாமா குடித்ததும் அதுதான். அவர் பல்லில் பழுப்புக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் ஃபுளோரைடு எலும்பில் ஏறினால் முதுகும் கழுத்தும் இடுப்பும் இறுகும். ஒரே ஒரு விரலை மட்டும் கயிறு கட்டி இழுக்காது.

இரண்டாவது சந்தேகத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; பார்வையில் சொன்னார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கினால் நம் ஊரில் தொழுநோய் ஞாபகம் வரும். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வது மிக அவசியம், வெட்கப்பட ஒன்றுமில்லை. தொழுநோயில் நரம்பு செத்துப்போவதால் விரல் மடங்குகிறது. தொட்டால் உணர்ச்சி குறைந்திருக்கும், உள்ளங்கையில் கயிறு இருக்காது, ஆரம்பத்தில் இன்னொருவர் நீட்டிவிட்டால் விரல் நீளும். அதற்கான கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். அப்படி மடங்கிய கைகளைத் தசைநார் மாற்றி நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை 1940-களின் பிற்பகுதியில் வளர்த்தெடுத்தவர், கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட். அதை அவர் செய்தது பக்கத்து வேலூரில். மடங்கிய விரலுக்கு உலகமே திரும்பிப் பார்த்த வைத்தியம் நடந்த ஊர் நமக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்க, நாம் லேகியம் தேடி அலைகிறோம்.

மூன்றாவது, விரல் 'டக்'கென்று மாட்டிக்கொண்டு பிறகு விடுபடும் டிரிகர் ஃபிங்கர். சர்க்கரைக்காரர்களுக்கு நிறைய வரும், பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு ஊசியில் அடங்கும். நான்காவது, சர்க்கரையால் எல்லா விரலும் ஒன்றுபோல இறுகி, கை கூப்பினால் உள்ளங்கைகள் ஒட்டாமல் நிற்பது.

மாமாவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். சர்ஜன் உள்ளங்கையை மேஜைமேல் கவிழ்த்து வைக்கச் சொன்னார். அழுத்தியும் கை தட்டையாகப் படியவில்லை, அடியில் ஒரு பென்சிலை உருட்டிவிடலாம். விரலைத் தானே நீட்டிப் பார்த்தார், நீளவில்லை. ஊசிமுனையால் தொட்டுப் பார்த்தார், உணர்ச்சி சரியாக இருந்தது. "டுப்யூட்ரன்" என்றார். அப்புறம், நாங்கள் எதிர்பார்க்காத மாதிரி, "காலைக் காட்டுங்க" என்றார். இடது பாதக் குழிவில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி. மாமா அதைக் காய்ப்பு என்று நினைத்து வருஷக்கணக்காக விட்டிருந்தார். கையில் வருகிற அதே வியாதி பாதத்தில் வந்தால் அதற்கு லெடர்ஹோஸ் என்று பெயராம்.

உள்ளங்கைத் தோலுக்கும் தசைநாருக்கும் நடுவில் ஒரு சவ்வு இருக்கிறது. பிடித்த பொருள் வழுக்காமல் தோலை இழுத்துப் பிடித்துவைப்பது அதுதான். இந்த நோயில் அந்தச் சவ்விலுள்ள செல்கள், காயம் ஆறும்போது செய்கிற வேலையைக் காயமே இல்லாமல் செய்ய ஆரம்பிக்கின்றன. கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை நூற்றுக் குவிக்கின்றன, இழுத்துச் சுருக்குகின்றன. முதலில் முடிச்சு, பிறகு கயிறு, பிறகு மடங்கல். பாரிஸில் 1831-ல் ஒரு ஒயின் வியாபாரியின் கையை அறுத்து, சுருங்கியது தசைநார் இல்லை, இந்தச் சவ்வுதான் என்று காட்டிய சர்ஜனின் பெயர் டுப்யூட்ரன். வடக்கு ஐரோப்பியர்களுக்குத்தான் இது அதிகம். நம்மவர்களுக்குக் குறைவு, வந்தால் பெரும்பாலும் சர்க்கரையோடு வருகிறது. பரம்பரை, புகை, குடி ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. அதிரும் கருவிகளைப் பிடித்து வேலை செய்கிறவர்களுக்கு இது தொழில்நோய் என்று பிரிட்டன் 2019-ல் ஏற்றுக்கொண்டது. கிரானைட் குவாரியில் இருபது வருஷம் ஜாக்ஹாமர் பிடித்த நம் ஊர்க்காரர்களின் உள்ளங்கையை யாராவது இப்படி மேஜைமேல் வைத்துப் பார்த்திருப்பார்களா என்று அன்றைக்கு யோசித்தேன்.

இந்த நோயின் குணம் ஒன்றைத் தெரிந்துகொண்டால் ஊர் வைத்தியங்களின் பெருமை பாதி புரிந்துவிடும். இது நின்று நின்று போகும். ஒரு வருஷம் வளரும், ஐந்து வருஷம் அசையாமல் கிடக்கும். சிலருக்கு முடிச்சோடு நின்றுவிடும், விரல் மடங்கவே மடங்காது. அபூர்வமாக முடிச்சு தானே கரைவதும் உண்டு. நமக்கு எப்போது பயம் வந்து எண்ணெய் தேய்க்கத் தொடங்குகிறோம்? வளர்கிற சமயத்தில்தான். வளர்ந்தது ஓய்வெடுக்கும்போது நாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்போம். பெயர் எண்ணெய்க்குப் போகும். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. "எனக்கு அப்படியே நின்னுடுச்சு" என்று சொன்ன தரகர் உண்மையைத்தான் சொன்னார். எது நிறுத்தியது என்பதுதான் கேள்வி.

சரி, நோட்டுக்கு வருகிறேன்.

முதல் வரி எண்ணெய். பிண்டத் தைலம், உளுந்துத் தைலம், விளக்கெண்ணெய் என்று மூன்று பேர் மூன்று சொன்னார்கள். தோல் மென்மையாகும், தேய்க்கிற நேரம் சுகமாக இருக்கும். அடியில் இருக்கும் கொலாஜன் கயிற்றை எண்ணெய் கரைத்ததாக யாரும் அளந்து காட்டியதில்லை. பலிக்கவில்லை என்றால் நஷ்டம்? சில நூறு ரூபாய், தலையணை உறையில் கறை. மாமா "இது இருக்கட்டும்" என்றார். நானும் ஒப்புக்கொண்டேன். நஷ்டமே இல்லாத சரக்கை வாங்கி வைப்பதில் தப்பில்லை, அதை நம்பி மற்றதைத் தள்ளிப்போடாதவரை.

செம்பு மோதிரமும் காந்த வளையலும் அடுத்த வரி. இவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஒரே எச்சரிக்கை: மடங்கி வரும் விரலில் மோதிரம் போட்டால் பிறகு கழற்றுவதற்குள் உயிர் போகும்.

வைட்டமின் ஈ மாத்திரைக்குக் கொஞ்சம் சரித்திரம் இருக்கிறது. 1940-களில் டாக்டர்களே அதை உற்சாகமாகக் கொடுத்தார்கள், விரல் நிமிர்ந்ததாகக் கட்டுரையும் எழுதினார்கள். 1950-களில் வேறு சிலர் கோணத்தை அளந்து வைத்துக்கொண்டு கொடுத்துப் பார்த்தபோது விரல் இருந்த இடத்திலேயே இருந்தது. அத்தோடு ஆஸ்பத்திரிகள் கைவிட்டன, கடைகள் கைவிடவில்லை. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் திரவத்தின் கதையும் ஏறக்குறைய இதேதான். 1960-களில் சர்வரோக நிவாரணியாகப் பேசப்பட்டது. தோல் வழியாகச் சட்டென்று உள்ளே போகும், போட்டவர் வாயில் பூண்டு வாடை வரும். உள்ளே போகிறதே என்பதால் வேலை செய்கிறது என்று நம்புவது சுலபம். அது தோலிலிருக்கும் அழுக்கையும் கூடவே உள்ளே இழுத்துப்போகக் கூடியது. ஆன்லைனில் டப்பாவில் வருவது தொழிற்சாலைச் சரக்காகவும் இருக்கலாம். இதை நோட்டில் சிவப்பு மையில் அடித்தேன்.

மாமாவின் மகள் பெங்களூரிலிருந்து கொலாஜன் பவுடர் டப்பா ஒன்று அனுப்பியிருந்தாள். பாசத்தில் வந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் கொலாஜன் கூடிப்போனதால் வந்த வியாதிக்குக் கொலாஜனையே சாப்பிடச் சொல்வது வெள்ளத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. நல்ல வேளையாக அது வயிற்றில் சாதாரணப் புரதமாக ஜீரணமாகிவிடுகிறது. கெடுதலும் இல்லை, பலனும் இல்லை. மஞ்சள் மாத்திரை, வீக்கம் குறைக்கிற என்சைம் மாத்திரை எல்லாம் இதே கணக்கில் சேரும். மாதம் இரண்டாயிரம் ரூபாய் வரை ஆகும், அளந்து காட்டின பலன் கிடையாது.

நஷ்டம் பெரிதாக ஆரம்பிப்பது இதற்கப்புறம்தான். ஒருவர், கட்டு போடுகிறவரிடம் போய் விரலை இழுத்து நிமிர்த்தி மூங்கில் பத்தை வைத்துக் கட்டச் சொன்னார். அவரிடம் முறிந்த எலும்புக்குக் கட்டு போட்டு நன்றாகிப்போனவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஆனால் இங்கே இழுக்கப்படுவது எலும்பில்லை, இழுக்க இழுக்க இன்னும் இறுகும் சுபாவமுள்ள செல்கள். பலவந்தமாக நிமிர்த்தினால் தோல் கிழியலாம், மூட்டு வீங்கி விறைக்கலாம். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் பிறகு இரவில் கட்டும் ஸ்பிளின்ட்டைக்கூடப் பிரிட்டனில் சோதித்துப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் வழக்கமாகக் கட்டுவதால் தனிப் பலன் இல்லை என்று 2011-ல் சொல்லிவிட்டார்கள்.

இன்னொன்று பாதத்துக்கு வந்த யோசனை: செங்கல்லைச் சுட்டு, மேலே எருக்கிலை வைத்து, அதன்மேல் காலை அழுத்துவது. எங்கள் அப்பத்தா குதிகால் வலிக்கு அதைச் செய்துதான் நடமாடினார். ஆனால் அப்பத்தாவுக்குச் சர்க்கரை இல்லை. பதினைந்து வருஷச் சர்க்கரையில் பாதத்துக்குச் சூடு தெரிவது குறைந்துபோயிருக்கும். தோல் வெந்த பிறகுதான் தெரியும், அந்தப் புண் ஆறாது. விரல் மடங்கினதால் யாரும் காலை இழந்ததில்லை. ஆறாத புண்ணால் இழந்தவர்களை எங்கள் ஊரிலேயே எனக்குத் தெரியும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் வரும் ஆபத்து தனி. இந்த வரியை மாமாவே அடித்தார்.

அதைவிட மோசமானது பொட்டலத்தில் வரும் பொடி. சந்தையில் ஒருவர் கொடுத்தார். பெயர் இல்லை, சீட்டு இல்லை. மூன்று நாளில் மாமாவுக்கு உடம்பே லேசானது, முழங்கால் வலிகூடப் போய்விட்டது. நான்காம் நாள் வெறும் வயிற்றுச் சர்க்கரை 310. லேபிள் இல்லாத மூலிகைப் பொடிகளில், வலியை அடக்கிச் சர்க்கரையை ஏற்றிவிடும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்ட விஷயம். அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று நாங்கள் சோதிக்கவில்லை, சாக்கடையில் கொட்டினோம். சித்த மருந்துதான் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவில் படித்த மருத்துவர் இருக்கிறார், சீட்டோடு தருவார்.

கடைசியாக, ஊருக்கு வெளியே ஒரு கிளினிக்கில் இரத்தத்தை எடுத்துச் சுழற்றி, பிளேட்லெட்டைப் பிரித்து உள்ளங்கையில் குத்துவதாகச் சொன்னார்கள். ஒரு தடவைக்கு எட்டாயிரம், ஆறு தடவை. பிளேட்லெட் என்பது திசு வளரத் தூண்டுவது. வளர்ச்சியே வியாதியாக இருக்கும் இடத்தில் அதை ஏன் குத்த வேண்டும் என்று கேட்டேன். "பாசிட்டிவா இருங்க சார்" என்றார்கள். வெள்ளைக் கோட்டும் ஏசியும் இருப்பதாலேயே ஒரு வைத்தியம் நிரூபணமானதாக ஆகிவிடாது என்று நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

இனி மறுபக்கம். அங்கேயும் எல்லாம் தங்கம் இல்லை. நோயைக் குணப்படுத்துவதாக எந்த சர்ஜனும் சொல்லவில்லை. விரலை நிமிர்த்தித் தருவதாகத்தான் சொல்கிறார்கள்.

முதல் யோசனை, ஒன்றும் செய்யாமல் அளந்து வைப்பது. இதற்குக் காசில்லை என்பதால் யாரும் விற்கமாட்டார்கள். கையைப் பக்கவாட்டில் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் விரலின் கோட்டை வரைந்து, தேதி போட்டு, மூன்று மாதத்துக்கொரு முறை மறுபடி வரைவது. மாமாவின் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது: எந்த எண்ணெயும் இந்தக் காகிதத்தைத் தாண்டித்தான் பெயர் வாங்க வேண்டும். விரலின் அடிமூட்டு 30 டிகிரியைத் தாண்டி மடங்கினால், அல்லது நடுமூட்டு மடங்கவே தொடங்கினால், சர்ஜனிடம் போக வேண்டும். நடுமூட்டை ரொம்ப நாள் விட்டால் பிறகு முழுதாக நிமிராது.

ஆரம்ப நிலைக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் வழக்கம் ஜெர்மனியில் அதிகம். மொத்தம் 30 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), பத்துத் தவணையாக, நடுவில் சில வாரம் இடைவெளி விட்டு. மடங்கிய விரலுக்கு அது உதவாது என்பதால் எங்களுக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. முடிச்சுக்குள் அடலிமுமாப் என்ற மருந்தைப் போட்டு ஆக்ஸ்ஃபோர்டில் செய்த சோதனை 2022-ல் வெளியானது. முடிச்சு மென்மையானது, சிறுத்தது. விரல் மடங்குவதைத் தடுக்குமா என்பதற்கு இன்னும் வருஷங்கள் பார்க்க வேண்டும். கயிற்றைக் கரைக்கும் கொலாஜனேஸ் ஊசிக்கு அமெரிக்கா 2010-ல் அனுமதி தந்தது. ஐரோப்பிய சந்தையிலிருந்து 2020-ல் கம்பெனியே எடுத்துக்கொண்டது.

ஆக மிஞ்சியது இரண்டு: ஊசியால் அறுப்பது, கத்தியால் எடுப்பது. ஊசி முறையில் உள்ளங்கையை மரக்கவைத்து, ஊசிமுனையால் கயிற்றைப் பல இடத்தில் நறுக்கிவிட்டு, விரலை நீட்டினால் 'படக்'கென்று அறும். அன்றைக்கே வீடு, சில நாளில் வேலை. கத்தி முறையில் நோயான சவ்வை வெட்டி எடுக்கிறார்கள். தையல், பல வாரப் பயிற்சி, நரம்பு அடிபடும் ஆபத்து, சர்க்கரைக்காரருக்குப் புண் ஆறும் கவலை. நெதர்லாந்தில் இரண்டையும் சீட்டுப் போட்டுப் பிரித்து ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். முடிவு 2012-ல் வந்தது: ஊசி குத்திக்கொண்டவர்களில் 84.9 சதவீதத்தினருக்குத் திரும்ப மடங்கியது, கத்தி வைத்துக்கொண்டவர்களில் 20.9.

எனக்கு இதைப் படித்ததும் கத்திதான் சரி என்று பட்டது. கணக்கெழுதுகிறவனுக்கு 85-க்கும் 21-க்கும் நடுவில் குழப்பமே வராது. மாமாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்த எண்பத்தஞ்சு பேரு, திரும்ப வந்ததும் என்ன பண்ணாங்கன்னு போட்டிருக்கா?" என்றார். போட்டிருந்தது. திரும்ப வந்தால் எது வேண்டும் என்று கேட்டதற்குப் பாதிப் பேருக்கு மேல் மறுபடி ஊசியே போதும் என்றிருக்கிறார்கள். மாமா சிரித்தார். "பாத்தியா! அவனும் வேலைக்குப் போறவன்தான்."

பாதத்துக் கட்டி சுலபமாக முடிந்தது. லெடர்ஹோஸ் பெரும்பாலும் கால்விரலை மடக்காது. நடக்கும்போது அழுத்தினால்தான் தொல்லை. வெட்டினால் திரும்ப வருவது அதிகம், தழும்பின்மேல் நடப்பது அதைவிட வேதனை. எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கி, கட்டி படும் இடத்தில் மட்டும் குழி எடுக்கச் சொன்னோம். செருப்புத் தைப்பவர் ரப்பரைக் குடைந்து கொடுத்தார். மாமா அன்று மாலையே சந்தைக்கு நடந்து போனார். குதிகால் வலிக்காரர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வேறு கோளாறு. கெண்டைக்காலையும் பாதத்தையும் தினம் நீட்டிப் பயிற்சி செய்தால் பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் தானே அடங்கும்.

காகிதத்தில் ஆடிக் கோடு 20 டிகிரி. ஐப்பசியில் 20. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உளுந்துத் தைலம் மும்முரமாக நடந்தது. தைலம் கொடுத்த உறவினர் வெற்றியைக் கொண்டாடிவிட்டுப் போனார். தையில் 25. சித்திரையில், தைலம் ஒருநாளும் தவறாமல் நடந்தபோதே, 35. நடுமூட்டு நேராகத்தான் இருந்தது. சர்ஜன் இரண்டுக்கும் தயார் என்றார், சர்க்கரையை மட்டும் முதலில் இறக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

மாங்காய் வரத்து ஆரம்பித்திருந்தது. பெங்களூரா ரக மாங்காய் லாரி லாரியாக இறங்கும் மாதங்களில் வலது கையைக் கட்டிக்கொண்டு ஆறு வாரம் உட்கார முடியாது என்பதில் மாமா உறுதி. கூழ் ஃபாக்டரிக்காரர்களிடம் பேரம் பேசும்போது கைமேல் துண்டைப் போட்டு, அடியில் விரல் பிடித்துத்தான் விலை சொல்வார். மடங்கின விரலால் போன சீசனில் இரண்டு தடவை எண் மாறிப்போனதாம். "ஊசி போட்டுக்கறேன். நாலு வருஷம் கழிச்சு வந்தா மறுபடி குத்திக்கறேன். அதுக்குள்ள கடையை உன்கிட்ட குடுத்துட்டேன்னா கத்தியே வெச்சுக்கறேன், போ." நான் கத்தி என்று எழுதிவைத்திருந்த வரியை அடித்துவிட்டு ஊசி என்று எழுதினேன்.

ஆடி பிறந்து இரண்டாம் வாரம் குத்திக்கொண்டார். இருபது நிமிஷம் ஆனது. மரக்கும் ஊசி போட்டதுதான் வலித்ததாம். திரும்பி வரும் வழியில் காரிலேயே கையை முட்டிமேல் விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். இப்போது 5 டிகிரி. காகிதம் கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, அடுத்த கோடு ஐப்பசியில். ராத்திரி படுக்கும்போது தைலமும் தேய்க்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை.